முகாம் வாசலில் இருந்தவனுக்கு

மாரியின் முதல் மழை வாவிப் பக்கமிருந்து வந்தது. சாத்தாமல் விட்ட யன்னலால் சாரல் அடித்து, தையல் மெசினுக்குக் கீழே கிடந்த உன் சாக்கு நனைந்துவிட்டது. நனைந்ததும் உன் மணம் எழும்பியது. நீ இருக்கும்போது "நாறுற, தள்ளிப் படு" என்று எத்தனை தடவை ஏசியிருப்பேன். இன்றைக்கு அந்தச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். நாய்க்கு மடல் எழுதுகிறவளை ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும்.

நாய்களைக் கொஞ்சுகிறவள் அல்ல நான். உன்னை முதலில் கண்டபோது கோபம்தான் வந்தது. எங்கள் ஊரில் இருந்த ஆமி முகாமைத் தகரம், முட்கம்பியோடு கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வாசல் இருந்த இடத்தில் நீ மட்டும் கிடந்தாய். மூஞ்சி முழுக்க நரை, ஒரு கண்ணில் வெள்ளை. யாராவது சோறு வைத்தால் தின்றுவிட்டு அதே இடத்தில் போய்ப் படுத்தாய்.

அந்த இடம் எனக்குத் தெரியும். அண்ணனைப் பிடித்துக்கொண்டு போன பிறகு நானும் அம்மாவும் அங்கேதான் நின்றோம். காலையில் போவோம், வெயில் ஏறும்வரை நிற்போம். காவலுக்கு நிற்பவன் கையை ஆட்டி "யண்ட" என்பான். போ என்று அர்த்தம். அப்போது சிங்களத்தில் எனக்குத் தெரிந்த சொல் அது ஒன்றுதான். அம்மா சாகும்வரை அண்ணன் வரவில்லை. இன்னும் வரவில்லை.

காத்தான்குடியிலிருந்து எனக்குத் தைக்கத் துணி கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரிதான் உன் கதையைச் சொன்னார். அண்ணன் முறையில் அவரை 'நானா' என்றுதான் கூப்பிடுவேன்.

"முகாம் எடுக்கக்குள்ள நான் அந்தத் தெருவாலதான் வந்தன். லொறில ஏறப்போன ஆமிக்காரன் ஒருத்தன் இதுட தலையத் தடவி 'இண்ட' எண்டு சொல்லிட்டுப் போனான். இரி எண்டு சொல்லியிரிக்கான், தங்கச்சி. அதுதான் இரிக்கி."

"திரும்பி வருவானா, நானா?"

"எங்க வாற? அவன்ட ஊரு எங்கயோ."

அன்றைக்குப் பின்னேரமே கயிற்றோடு வந்தேன். நீ யாருடைய நாய் என்று யோசிக்காமல் இல்லை. ஆனாலும் அந்த வாசலில் காத்துக்கிடப்பது எப்படியென்று அறிந்த என்னால் உன்னை அங்கே விட முடியவில்லை.

வீட்டுக்கு வந்தும் உனக்குத் தமிழ் விளங்கவில்லை. "வா" என்றால் பார்த்துக்கொண்டே இருந்தாய். நானா சொல்லித் தந்தபடி சிங்களத்தில் "எண்ட" என்று கூப்பிட்டேன். வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தாய். என் வாயால் அந்தப் பாஷை வருமென்று நான் நினைத்ததே இல்லை.

"என்னகா, வீட்டுக்குள்ள முகாம் போட்டிருக்கியா?" என்று பக்கத்து வீட்டுக்காரி பகிடி பண்ணினாள்.

"ஓம்கா, கிழட்டு ஆமி. மீன் தலைதான் கேக்குது," என்றேன்.

தெருவில் லொறிச் சத்தம் கேட்டால் மட்டும் தின்பதை விட்டுவிட்டுத் தலையைத் தூக்குவாய். சத்தம் தேய்ந்து போனதும் மெசினுக்குக் கீழே வந்து படுப்பாய். "யண்ட" என்ற சொல்லை மட்டும் நான் உன்னிடம் சொன்னதேயில்லை. கோபத்தில்கூட வரவில்லை.

கடைசி நாளில் மீன் தலையை மோந்துகூடப் பார்க்கவில்லை. மிருக வைத்தியர் வந்து உன் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தார். "வயசு போயிற்றம்மா. கிட்ட இருங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அப்போதும் ஒரு லொறி போனது. நீ தலையைத் தூக்கப் பார்த்தாய், முடியவில்லை. இரு என்று அவன் சொன்னதை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று விளங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

உன் தலையை மடியில் எடுத்து வைத்து, காதுக்குக் கிட்டக் குனிந்தேன். "யண்ட, மகன். யண்ட."

அந்தச் சொல்லை இவ்வளவு மெதுவாகவும் சொல்லலாமென்று எனக்கு அதுவரை தெரியாது. நீ ஒரு நீண்ட மூச்சு விட்டாய். அதற்குப் பிறகு உன் தலை பாரமாகிவிட்டது.

முருங்கைக்குக் கீழேதான் உன்னைப் புதைத்தேன். சாக்கை எறியச் சொல்லி நானா சொல்கிறார். அண்ணனின் வழியை இனிப் பார்த்துக்கொண்டிருக்காதே என்றும் எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். இரண்டையும் நான் கேட்கவில்லை. தெருவில் லொறிச் சத்தம் கேட்டால், இப்போது மெசினை நிறுத்திவிட்டு நான்தான் தலையைத் தூக்கிப் பார்க்கிறேன்.