ஒரு குடம் நல்ல தண்ணீர்

மடத்துவெளி,
ஆடி 1976

உங்களுக்கு,

நான் சுகம். பதில் வராவிட்டாலும், உங்கள் சுகத்தை இன்னும் நீங்கள் போயிருந்த மாத்தறைக் கடை முகவரிக்குத்தான் எழுதிக் கேட்கிறேன்.

பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். எந்த வீட்டில் எவ்வளவு நல்ல தண்ணீர் பாவிக்கிறார்கள் என்று ஆராய்ச்சியாம். நம் கிணறு உவர் என்பதையும், கோயில் கிணற்றிலிருந்து நாளுக்கு ஒரு குடம் சுமந்து வருவதையும் சொன்னேன். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள். முன்பின் தெரியாத ஆளிடம், தனியே இருக்கிறேன் என்று எந்தப் பெண் சொல்வாள்?

"நானும் அவரும்" என்றேன்.

"ரெண்டு பேருக்கு ஒரு குடம் காணுமோ, அக்கா?"

"அவர் தண்ணி குறையத்தான் குடிக்கிறவர், பிள்ளை."

கொடியில் உங்கள் வேட்டியைத் தோய்த்துக் காயப் போட்டிருந்தேன். அதைப் பார்த்துத் தலையாட்டினாள்.

நேற்றுத் திரும்பவும் வந்தாள். ஊரிலேயே ஆளுக்கு ஆகக் குறைந்த தண்ணீர் நம் வீட்டில்தானாம். பேராசிரியருக்குப் பெரிய கவலையாம். வருகிற வெள்ளிக்கிழமை அவரே வந்து உங்களோடு கதைக்கப் போகிறாராம். எங்கே தொட்டி கட்ட வேண்டும் என்பதை இந்தக் கணக்கை வைத்துத்தான் அரசாங்கத்துக்கு எழுதுவார்களாம். பாவம், அந்தப் பிள்ளை என் சொல்லை நம்பியவள்.

வந்து இருங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை மட்டும் வந்து, அவர்கள் முன்னால் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். அன்றைக்கு இரண்டு குடம் சுமந்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
இரண்டு பேரில் ஒருத்தி