வெள்ளைச் சட்டையில் போன நைனாவுக்கு

என் தங்க நைனா,

தம்பிக்கு உன் வேலை கிடைத்துவிட்டது. நீ முதலில் இதைத்தான் கேட்பாய். ஹார்பரில் உன்னை மாதிரியே கப்பலில் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டுகிறான். உன் கட்டிலை யாருக்கோ கொடுத்துவிட்டோம். வீட்டில் இப்போது இடம் தாராளம்.

கடைசி வருஷம் உன்னால் ராயபுரம் மாதா கோயில் வரைக்கும்கூட நடக்க முடியவில்லை. கால் வீங்கியது. சேர்ந்தாற்போல் பேசினால் இரைத்தது. "ரத்தக் குழாயெல்லாம் விறைச்சுப் போச்சு, இதயமும் இறுகிடுச்சு. ஏணி ஏறவே கூடாது" என்றார் தெருமுனை டாக்டர். நீயோ தினமும் கப்பல் ஏணி ஏறினாய்.

உடம்புக்கு முடியாதவன் என்று கம்பெனி டாக்டர் எழுதிக் கொடுத்தால் உன் வேலை தம்பிக்கு வரும். வயசாகி ரிட்டையரானால் வராது. எங்களுக்கு வேண்டியிருந்தது 'அன்ஃபிட்' என்ற அந்த ஒரு வார்த்தைதான்.

"ஒண்ணும் நடிக்க வாணாம்யா. வூட்ல எப்பிடி கீறியோ அப்பிடியே போய் நில்லு" என்றாள் அம்மா.

அப்படிச் சொன்னவளே விடிந்ததும் என்ன செய்தாள்? டாக்டர் முன்னால் கலீஜாக நிற்பதா என்று உனக்குச் சவரம் செய்துவிட்டாள். ஞாயிறு பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டினாள். வீங்கின காலை ஷூவுக்குள் திணித்து லேஸை இறுக்கிக் கட்டினாள். நம் ஆட்களுக்கு டாக்டரும் சாமியாரும் ஒன்றுதானே. சாகப் போகிறவனையும் தலைவாரித்தான் கூட்டிப்போவோம்.

கை ரிக்‌ஷாவில் நானும் கூட வந்தேன். கம்பெனி டிஸ்பென்சரி வாசலில் உன்னோடு வேலை செய்கிறவர்கள் நின்றிருந்தார்கள்.

"இன்னா மாமு, மாப்ள கணக்கா கீறே! யாருக்குக் கண்ணாலம்?"

உடனே என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டாய். நெஞ்சை நிமிர்த்தி நடந்தாய். டாக்டர் முன்னாலும் அப்படியே நின்று, "நல்லாத்தான் கீறேன் சார்" என்றாயே, ஏன் நைனா? கதவுக்கு வெளியே அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதற்காகவா? டாக்டர் உன் ஷூவைக் கழற்றச் சொல்லவில்லை. 'ஃபிட்' என்று எழுதிவிட்டார்.

வெளியே ஆள் இல்லாத பக்கமாக வந்து சுவரைப் பிடித்துக்கொண்டாய். "அவனுங்க முன்னாடி எப்பிடிம்மா நொண்டறது?" என்றாய். எனக்கு உன்மேல் ஆத்திரம்தான் வந்தது. இன்னும் தீரவில்லை.

"அப்போ நீ செத்தாத்தான் புள்ளைக்கு வேலையா?" என்று அன்று ராத்திரி அம்மா கேட்டாள். நீ குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாய். மழைக்காலம் வருவதற்குள் பாதி ஏணியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய். உன்னை வீட்டுக்குத் தூக்கி வந்ததும் அதே ஆட்கள்தான்.

இன்று உன் வருஷப் பூசை. தம்பி வரவில்லை, ஷிப்டு. ஒரு நாள் லீவு கிடைக்காதா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அவன் எதுக்கு வேலைய வுட்டு வரணும்? அதுக்கோசரம்தானே உங்க நைனா செத்தாரு."

பிள்ளைக்காக உயிரைக் கொடுத்தவன் என்று தெருவே உன்னைப் புகழ்கிறது. அவர்கள் புகழட்டும். என் பிள்ளைகளுக்கு நான் உண்மையைச் சொல்வேன்: உங்கள் தாத்தா பிள்ளைக்காகச் சாகவில்லை, நாலு பேர் சிரிப்பார்களே என்று செத்தார். இது சத்தியம், நைனா.

உன் மூத்த மகள்