எட்டுக் கை வேஷம்

என் வீட்டுக்காரிக்கு, நான் குண்டுக்கல்லாட்டம் இருக்கிறேன். உன் முட்டிவலி குறைந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா?

எங்கள் பார்க்கின் மீன் காட்சியகத்தைப் புதுப்பித்துவிட்டார்களாம்! மீன்களை விற்றுவிட்டு, தொட்டிகள் இருந்த இடத்தில் ராட்சச டிவிகளை மாட்டி, அதில் மீன் படம் ஓட்டுகிறார்கள். அதற்குப் பேர் முன்னேற்றம். மிஞ்சியது, நான் முங்கி இரை கொடுக்கும்போது கையை உரசுமே, அந்தக் கிழட்டு ஆமையும் அதன் தொட்டியும் மட்டும்தான். நேற்று ஒரு பெரிய மனுஷன் அசையாமல் கிடந்த அதை உற்றுப் பார்த்து, "இது ஹேங் ஆயிடுச்சு, ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்றான். மேனேஜர் என்கிற மேதாவி பல்லைக் காட்டி மன்னிப்புக் கேட்டான். இன்று ஆமையையும் லாரியில் ஏற்றிவிட்டான்.

பயப்படாதே, எனக்கு வேலை போகவில்லை. ஆக்டோபஸ் வேஷம் போட்டு வாசலில் கையாட்டுகிறேன். வேர்க்குரு பவுடர் இரண்டு டப்பா அனுப்பு. ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். எட்டுக் கை மாட்டியிருந்தும் முதுகு சொறிய ஒரு கை இல்லையடி.