எட்டு போர்ட் சுவிட்ச்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வீட்டு முன்னறையில் இருக்கும் அப்பாவின் ஆபீஸில் நான்கு கம்ப்யூட்டருக்கும் ஒயரில் இன்டர்நெட்டைப் பிரித்துத் தர ஐந்து போர்ட் சுவிட்ச் போதும் என்றார் சாரம் பகுதியில் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்காரர். நான்தான் எட்டு வாங்கச் சொன்னேன்.

இன்று பள்ளி விட்டு வந்தபோது ஓர் ஒயரின் முனை தொங்கிக்கொண்டிருந்தது. பார்க்க நன்றாக இல்லையே என்று காலி போர்ட்டில் செருகினேன். மறுமுனையும் அதே சுவிட்சில்தான் இருந்திருக்கிறது. நான்கு கம்ப்யூட்டரிலும் இன்டர்நெட் நின்றுவிட்டது. பிரெஞ்சு பென்ஷனுக்காக, தான் உயிரோடு இருப்பதைக் காட்டப் பாரீஸோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்த பெரியவர், "போச்சு முசியே, நான் செத்துட்டேன்னு எழுதிக்கப் போறான்" என்று அப்பாவிடம் சொன்னார்.

அப்பா கோபத்தில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கடைக்குப் போன் போட்டார். "எம்பொண்ணு சரியாத்தான் சொன்னா. நீங்கதான் ஓட்ட பொட்டியத் தள்ளிவிட்டுட்டீங்க. நாளைக்கு எடுத்துட்டு வரேன்."

ஒரே ஒயரின் இரண்டு முனையும் ஒரே சுவிட்சில் இருந்தால் எல்லாம் முடங்கிவிடும் என்று பிறகுதான் தேடிப் படித்தேன். யாரும் பார்க்காமல் அந்த ஒயரைப் பிடுங்கிவிட்டேன். நாளை கடையில் மாட்டினால் சுவிட்ச் நன்றாகவே ஓடும். அப்பா அத்தனை பேர் முன்னால் தலைகுனிந்து நிற்பார்.

காலையில் அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று ஒயரைச் சுவிட்சின் மேல் வைத்துவிட்டு வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை. போய் ஒயரை எடுத்து வந்துவிட்டேன். தலையணைக்கு அடியில் குத்துகிறது.