தொடுவதற்கு முன்னால் கேட்கணும்

மே 27, செவ்வாய்

கத்திரி முடியப் போகிறதாம். வெயிலுக்கு அது தெரியவில்லை. தொட்டித் தண்ணீர் கொதிக்கிறது. குளிர்கோட்டைப் போட்டுக் கண்ணாடி முன் நின்று பார்த்தேன். நொடியில் வேர்த்து வடிந்தது.

வாங்க: பருப்புப்பொடி, ஹேர்பின், பெட்டிக்குப் பூட்டு. அப்பாவின் மாவுக்கட்டை மூட பாலிதீன் பை.

பரவை மார்க்கெட்டில் வழுக்கி விழுந்து வலது கை முறிந்ததிலிருந்து, காலையில் அண்ணன் முத்து வந்துதான் அப்பாவைக் குளிப்பாட்டுகிறான். அம்மா இருந்திருந்தால் இந்தப் பாடு இல்லை.

ஜெனி பேசினாள். என்னோடு நர்சிங் படித்தவள், போன வருடமே ஜெர்மனி போய்விட்டாள். அவள் வேலை பார்க்கும் அதே முதியோர் இல்லத்தில்தான் எனக்கும் வேலை. "உன் ஊசி போடுற கைராசியெல்லாம் இங்க செல்லாதுடி. அட்டெண்டர் கிடையாது, கூடமாட இருந்து பாக்க மகன் மருமக கிடையாது. காலைல நாமதான் குளிப்பாட்டணும். ஆம்பள பொம்பளங்கிற பேச்சே இல்ல. எல்லாத்தையும் கழுவணும்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்." சிரிக்கிறாள்.

இத்தனை வருடமும் டயாலிசிஸ் பிரிவு. நான் தொட்ட ஆண் உடம்பு என்றால் முழங்கை வரைக்கும்தான். மீதியெல்லாம் வார்டு அண்ணன்கள், இல்லையென்றால் வீட்டு ஆட்கள். படிக்கும்போது பொம்மையைக் குளிப்பாட்டி நல்ல மார்க் வாங்கினேன். பொம்மைக்கு வெட்கம் கிடையாது.

மே 29, வியாழன்

ஆஸ்பத்திரியில் கடைசி நாள். தல்லாகுளத்தில் பஸ் நகரவே இல்லை, தாமதம்.

ஜெனரல் வார்டு சிஸ்டரிடம் கேட்டேன், யாராவது ஒருவருக்கு நான் உடம்பு துடைத்துவிடட்டுமா என்று. "ஜெர்மனிக்கு ரிகர்சலா?" என்றார். ஒரு பெரியவரைக் காட்டினார். பக்கத்தில் மகன். வழக்கம்போல எல்லாவற்றையும் மகனிடம் கேட்டேன். ஐயா சாப்பிட்டாங்களா, யூரின் போனாங்களா, தொடச்சு விட்டுரலாமா. மகன் தலையாட்டினார். போர்வையை இழுத்தேன்.

பெரியவர் இரண்டு கையாலும் போர்வையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் தாயி. வேணாம் தாயி." அழுதுவிட்டார்.

மகன்: "நீங்க எதுக்கு சிஸ்டர்? அந்த அண்ணனைக் கூப்பிடுங்க."

வாளியை அங்கேயே வைத்துவிட்டு ஓடிவந்தேன். சாயங்காலம் எனக்காகக் கேக் வெட்டினார்கள். கத்தி பிடித்த கை நடுங்கியது. பிரிவுத் துயரம் என்று நினைத்து எல்லோரும் என்னைக் கட்டிக்கொண்டார்கள்.

ஜெனியிடம் சொன்னேன். "அவர்கிட்டக் கேட்டியா?" என்றாள்.

"மகன்கிட்டக் கேட்டேனே."

"லூசு. இங்க அப்படிச் செஞ்சா கம்ப்ளைன்ட்தான். தொடுறதுக்கு முன்னாடி அவங்ககிட்டயே கேக்கணும். இப்பக் கையக் கழுவட்டா, இப்ப முதுகு தேய்க்கட்டானு. அவங்க சரின்னாத்தான் தொடணும்."

நம்மூரில் யார் நோயாளியிடம் கேட்கிறார்கள்? மகனிடம் கேட்டால் மரியாதை. நோயாளியிடம் கேட்டால், "அவருக்கென்ன சிஸ்டர் தெரியும்" என்பார்கள்.

மே 31, சனி

பயம். வேறு எதுவும் எழுத வரவில்லை.

விளாங்குடி பஸ்ஸில் எதிர் சீட்டில் ஒரு தாத்தா. இவரைக் கழுவ முடியுமா? முடியாது. அவருக்கு அடுத்தவரை? முடியவே முடியாது. கண்டக்டர் டிக்கெட் கேட்டது காதில் விழவில்லை. "எங்கிட்டும்மா போகணும்?" என்று கத்திய பிறகுதான் முழித்தேன். விளாங்குடி என்று சொல்லவும் யோசிக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்தால் வாசலில் நாலு பேர். அப்பா ஒற்றைக் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருக்கிறார். "என் மக ஜெர்மனி போகுது. இம்புட்டுப் பெரிய ஆஸ்பத்திரி." முதியோர் இல்லம் என்று மறந்தும் சொல்ல மாட்டார்.

அவர்கள் போன பிறகு மெதுவாகக் கேட்டேன். "போகலைனு சொல்லிரட்டாப்பா?"

"என்ன பேச்சு இது? அம்புட்டுப் பேருக்கும் சொல்லியாச்சு. குளுருக்குப் பயந்துகிட்டா?"

ஆமாம் என்றேன். குளிருக்கு.

ஜூன் 2, திங்கள்

பெட்டி எடை கூடிவிட்டது. ஊறுகாயை எடுத்தேன். திரும்ப வைத்தேன்.

சமையலறையில் நின்று ஜெர்மனில் சொல்லிப் பார்த்தேன். முகம் கழுவலாமா, கை கழுவலாமா, முதுகு. அதற்குக் கீழே போனால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. குக்கர் பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"யார்கிட்டப் பேசுற?" அப்பா பின்னால் நிற்கிறார்.

சொல்லிவிட்டேன். வேலை என்ன, யாரைக் கழுவ வேண்டும், வியாழக்கிழமை அந்தப் பெரியவர் அழுதது, எல்லாம். பயமா இருக்குப்பா என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

அப்பா திரும்பி நடந்தார். போய் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார். செய்தி வாசிப்பவர் மட்டும் பேசினார். சாப்பிடும்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்பூனால் சோறு அள்ளத் தெரியாமல் பாதி சிந்தினார். பிசைந்து தரட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

ஜூன் 4, புதன்

அண்ணன் பெட்டியை வண்டியில் கட்டுகிறான். அதற்குள் எழுதிவிட வேண்டும்.

காலையில் அவனுக்குப் பரவையில் வெங்காய லோடு. ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போகும் நேரத்துக்குத்தான் வருவான். அப்பா தோளில் துண்டு, கையில் பாலிதீன் பையோடு வந்து நின்றார். "முத்து வரல. நீ ஊத்து."

"நானாப்பா?"

"ஜெர்மன்காரனுக்குச் செய்வ. எனக்குச் செய்ய மாட்டியா?" கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார், சுவரைப் பார்த்து.

மாவுக்கட்டைப் பையால் மூடிக் கட்டினேன். மக்கை எடுத்தேன்.

"அப்பா, தலைக்கு ஊத்தட்டா?"

"இதையெல்லாமா கேக்கணும்?"

"கேக்கணும்ப்பா."

"சரி. ஊத்து."

"முதுகு தேய்க்கட்டா?"

"ம்."

"ம் போதாதுப்பா."

"தேய் தாயி."

வெயில் காலமெல்லாம் சட்டையில்லாமல் வீட்டுக்குள் நடந்த முதுகு. பார்த்திருக்கிறேன், தொட்டதில்லை. எலும்பு கையில் தட்டியது. எப்போது இப்படி இளைத்தார்? கால், பாதம், விரலிடுக்கு. ஒவ்வொன்றுக்கும் கேட்டேன், ஒவ்வொன்றுக்கும் சரி என்றார். என் கை நடுங்கவில்லை. அதைக் கவனித்து எனக்கு அழுகை வந்தது.

"நான் ஒண்ணு கேக்கட்டா?" என்றார், சுவரைப் பார்த்தபடியே.

"கேளுங்கப்பா."

"போகாம இருக்க முடியாதா தாயி?"

உடம்பெல்லாம் சோப்பு நுரை. முகம் எனக்குத் தெரியவில்லை. பாலிதீன் பை மட்டும் சரசரவென்று ஆடியது. நடுக்கம் இப்போது அவர் கையில்.

மக்கில் தண்ணீர் மொண்டேன்.

"ஊத்தட்டாப்பா?"

தெருமுனையில் அண்ணன் ஹாரன். அப்பா சரி என்று சொல்லும்வரை ஊற்றாமல் நின்றேன்.

வெகுநேரம் ஆயிற்று.