மிளகுக்கு வைத்த கொழுக்கட்டை

மரக்காணம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கலைமதிக்கு,

சிவசங்கரி எழுதுவது. நானும் சீரகமும் நலம். மிளகைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இன்று காலை எழுந்ததும், பல்கூட விளக்காமல், கொஞ்சம் பீன்ஸைக் கழுவித் துணியில் ஈரம் ஒற்றிப் பொடியாக நறுக்கினேன். கூண்டைத் திறந்ததும் சீரகம் ஓடிவந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது. மிளகு வரவில்லை. துண்டை அதன் மீசையில் படும்படி நீட்டினேன். மூக்கைத் தூக்கி மோந்து, தடுமாறி, முதலில் என் விரலைப் பிடித்தது. பிறகுதான் பீன்ஸ் அதன் கைக்குக் கிடைத்தது. கலை, மிளகுக்குக் கண் தெரியவில்லை. இரண்டு கண்ணும் பால் விட்டது போல வெளுத்துவிட்டன.

இதை வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாம். எழுதினால் நீ உடனே வீடியோவில் வந்து, "பரவாயில்ல விடு சங்கரி" என்பாய். அதைக் கேட்டுக்கொள்ள எனக்கு இப்போது முகம் இல்லை. அதனால்தான் தபால்.

கனடாவுக்குப் புறப்பட்ட அன்று கூண்டை என் மடியில் வைத்துவிட்டு நீ சொன்னது எல்லாம் நினைவிருக்கிறது. காய்ந்த புல் எந்நேரமும் இருக்க வேண்டும். கூடவே தினமும் கொஞ்சம் பச்சையாக ஏதாவது: கொத்தமல்லியோ, பீன்ஸோ, ஒரு செம்பருத்திப் பூவோ. ஆசைக்கு ஒரு பூசணி விதை, இல்லையென்றால் நாலு ஓட்ஸ். பழம் கூடாது, வெல்லம் கூடாது. சிலி நாட்டு மலையில் காய்ந்த புல்லைத் தின்று வளர்ந்த எலி இனம், டேகுவின் உடம்பு சர்க்கரையைத் தாங்காது, முதலில் கண் போகும் என்றாய். நானும் உன்னோடு விலங்கியல் படித்தவள்தானே, எனக்கே பாடமா என்று சிரித்தேன்.

ஆடி பிறக்கும் வரை ஒழுங்காகத்தான் செய்தேன். உப்பளத்து ஓரத்துப் புல் உப்புக் கரிக்கும் என்று அதைத் தொடவே இல்லை. பெருமுக்கல் பக்கத்திலிருந்து பால் கொண்டுவருகிறவரிடம் சொல்லி அருகம்புல் வரவழைத்து, அலசி, நிழலில் உலர்த்திப் போட்டேன்.

ஆடி முதல் வெள்ளியன்று எதிர்வீட்டு வேலம்மாள் குடத்தோடு எட்டிப் பார்த்தாள். "என்னாக்கா இது, வால்ல குஞ்சம் வச்ச எலி?" என்றாள். டேகு என்று சொன்னேன். அது அவள் காதில் ஏறவில்லை. இரண்டும் கை கூப்பினாற்போல் உட்கார்ந்திருந்தன. "ஐயோ, புள்ளையாரு மூஞ்சூறுக்கா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் தெருப் பெண்கள் பாதிப் பேர் என் வீட்டில். சாமியின் வாகனத்தைப் பார்க்க வெறுங்கையோடு வருவார்களா? ஒருத்தி வாழைப்பழம், ஒருத்தி கற்கண்டு, ஒருத்தி சர்க்கரைப் பொங்கல்.

அவர் இறந்த பிறகு நல்ல நாளில் யாரும் என் வாசல் ஏறியதில்லை. கல்யாணப் பத்திரிகையைக்கூட கேட்டில் செருகிவிட்டுப் போவார்கள். அன்று வீடு முழுக்க வளையல் சத்தம். வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். சொன்னால் அடுத்த வெள்ளி வரமாட்டார்கள் என்று பயமாக இருந்தது. ஒரு துளிதானே என்று தட்டை வாங்கிக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு வெள்ளியும் ஒரு துளி. விநாயகர் சதுர்த்தியன்று ஆளாளுக்குப் பூரணக் கொழுக்கட்டை கொண்டுவந்தார்கள். மிளகு மாவைத் தள்ளிவிட்டுப் பூரணத்தை மட்டும் நோண்டித் தின்றதைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

புரட்டாசி தொடக்கத்தில் மிளகு தண்ணீர்ப் புட்டியை விட்டு நகரவே இல்லை. சர்க்கரை ஏறிவிட்டது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. இனிப்பை நிறுத்தினேன். எப்படி நிறுத்தினேன் தெரியுமா? "புரட்டாசி இல்லியா, ரெண்டும் விரதம்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அப்ப சனிக்கெழம கோவிந்தா போடுமாக்கா?" என்று வேலம்மாள் கேட்டாள். இனிமேல் புல்லோ கீரையோ கொண்டு வாருங்கள் என்றேன். "புல்லு திங்கறதுக்கு அது என்னா மாடா?" என்றாள். காரணத்தைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

சில வாரத்தில் கண் வெளுத்தது. எல்லோரும் வந்து பார்த்தார்கள். மூன்றாவது வீட்டு அருக்காணியை உனக்குத் தெரியாது. உப்பளத்தில் கூலி வேலை, அதிகம் பேசமாட்டாள். சதுர்த்தியன்று கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "கண்ணப் பாருங்கக்கா, மை வச்சா மாதிரி" என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலம்மாள் அந்தப் பேச்சை எடுத்தாள். "அன்னிக்கி அவதான் கண்ணு கண்ணுன்னு சொல்லிக்கினு ஒக்காந்திருந்தா. அன்னிலேர்ந்துதான் இப்பிடி" என்றாள். மற்றவர்களுக்கும் அது சரியாகப் பட்டது. "நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்கக்கா" என்று என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கென்னம்மா தெரியும் என்றேன். வேலம்மாள் உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போட்டாள். அவள் சுற்றி முடிக்கும் வரை நான் கூண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு மிளகை டாக்டரிடம் காட்டப் புதுச்சேரிக்குப் பஸ் ஏறினேன். முன்னால் ஏதோ லாரி பழுதாகி நின்றதால் அளத்தை ஒட்டியே பஸ் நின்றது. மழைக்கு முன் உப்பைக் கரையேற்றும் அவசரத்தில் வேலம்மாளும் மற்றத் தெருப் பெண்களும் இருந்தார்கள். கூடை நிறைந்ததும் அதைத் தலையில் தூக்கிவிடப் பக்கத்தில் இருப்பவள் கை கொடுப்பாள். அங்கே அதைக் கேட்டுப் பெறுவதில்லை, தானாக நடப்பது. அருக்காணிக்கு யாரும் கை கொடுக்கவில்லை. அவள் அரைக்கூடை மட்டும் வாரி, அதை வரப்பின் மேல் இழுத்து வைத்து, கீழே மண்டியிட்டுத் தலையைக் கொடுத்துத் தானே எழுந்தாள். நிமிர்ந்தபோது பஸ்ஸைப் பார்த்தாள். நான் கூண்டின் மேல் துணியை இழுத்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். எப்போதாவது பழம் என்றேன். அங்கேயும் பொய். பார்வை திரும்பாது, ஆனால் சாப்பாட்டில் கவனமாக இருந்தால் பாக்கி நாளை நிம்மதியாகக் கழிக்கும், கூண்டுக்குள் எதையும் இடம் மாற்றி வைக்காதீர்கள் என்றார். சீரகத்தின் கண் இன்னும் தெளிவாகத்தான் இருக்கிறது. இப்போது நீ சொன்னபடியே புல், பச்சை, சாயங்காலம் ஒரு பூசணி விதை. அந்த ஒற்றை விதைக்கும் இரண்டும் முன்பு பொங்கலுக்குப் பறந்த மாதிரியே பறக்கின்றன. இதற்கு மேல் அவை எதையும் கேட்கவே இல்லை, கலை. நான்தான் கேட்டிருக்கிறேன்.

நேற்று சாயங்காலம் அருக்காணி வந்தாள். படி ஏறவில்லை. கூண்டு கண்ணில் படாதபடி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, முந்தானையில் முடிந்து வந்த கொத்தமல்லியைப் படியில் வைத்தாள். "மன்னிச்சிருங்கக்கா, நான் வேணும்னு பாக்கல. எங்கண்ணு இப்பிடின்னு எனக்கே தெரியாது" என்றாள். வேலம்மாளின் மருமகளுக்கு வளைகாப்பு வருகிறதாம். புள்ளத்தாச்சிக்கு ஒன்றும் ஆகக்கூடாது, அதனால் தான் போகப்போவதில்லை என்றாள். அவளே நம்பிவிட்டாள். நான் உள்ளே கூப்பிடுவதற்குள் போய்விட்டாள் என்று இங்கே எழுதப் போனேன். அது உண்மை இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனாள். நான்தான் கூப்பிடவில்லை.

நாளை விடிவதற்கு முன் அளத்துக்குப் போகும் வேன் தெருமுனையில் வந்து நிற்கும். எல்லாப் பெண்களும் ஏறின பிறகுதான் கிளம்பும். கிளம்புவதற்கு முன் நான் அங்கே போகிறேன். யார் கண்ணும் படவில்லை, இனிப்பு கொடுத்தால் குருடாகும் என்று எனக்கு முதல் நாளே தெரியும், நீங்கள் வரவேண்டும் என்று தெரிந்தே வாங்கி ஊட்டினேன் என்று வேலம்மாள் முன்னாலும் அருக்காணி முன்னாலும் சொல்லப் போகிறேன். அதற்குப் பிறகு என் வாசலுக்கு யாரும் வராமல் போகலாம். அருக்காணியே முகம் கொடுக்காமல் போகலாம். அது நியாயம்தான். இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொள்ளாமல் வெளியே போகாதே. உன் வீட்டுக்காரருக்கும் பிள்ளைக்கும் என் அன்பு. இது உன் கைக்கு வரும்போது திங்கட்கிழமை எப்போதோ போயிருக்கும். படித்ததும் போன் செய். மிளகு எப்படி இருக்கிறது என்று கேட்காதே, என்னைத் தேற்றவும் வேண்டாம். "சொன்னியா?" என்று மட்டும் கேள்.

உன்,
சிவசங்கரி