குடைக்காரி பேச மாட்டாள்

ஜூன் 3

அன்புள்ள மருமகளுக்கு,

மாமன் எழுதுவது. உடம்பு இரும்பு மாதிரி இருக்கிறது. முழங்கால் மட்டும் கொஞ்சம் துருப்பிடித்த இரும்பு. போனில் பேசலாம்தான். ஆனால் போனில் நீ நடுவில் புகுந்து "மாமா, விஷயத்துக்கு வாங்க" என்கிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது பார், அதுதான் இதில் எனக்குப் பிடித்தது.

விஷயத்துக்கு வருகிறேன். குடைக்காரி ஏழாம் பாகம் வந்துவிட்டது.

நம் வீடியோ கடையில் கீழ்த்தட்டில் வரிசையாக நிற்குமே, ஜப்பான் பேய்ப்படக் கேசட்டுகள், ஞாபகம் இருக்கிறதா? மேலே கோழி கிறுக்கியது மாதிரி எழுத்து, உள்ளே சப்டைட்டில் கிடையாது. பேர் படிக்க ஒருத்தனுக்கும் தெரியாததால் நான்தான் "குடைக்காரி" என்று பேர் வைத்து, சிவப்பு மையில் எழுதி ஒட்டினேன். நனைந்த குடையோடு ஒரு பெண் வாசலில் வந்து நிற்பாள். கதவைத் திறந்தவன் மறுநாள் இருக்க மாட்டான். அவ்வளவுதான் கதை. ஆறு பாகத்தையும் உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து வரிக்கு வரி தமிழில் சொன்னவன் நான். ஜப்பான் கப்பலுக்கு மூன்று வாரம் பெயின்ட் அடித்தவனாயிற்றே. என் உச்சரிப்பைக் கேட்டு மாலுமிகளே வாயடைத்து நின்றார்கள். படிப்பும் சும்மா இல்லை. ஏழாம் வகுப்பை மூன்று வருஷம் படித்தேன். அந்த வகுப்பை அவ்வளவு ஆழமாகப் படித்தவன் இன்றுவரை கிடையாது.

முதல் நாள், முதல் காட்சி. டிக்கெட் கிழிப்பவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். (அவர் முதலிலேயே நின்றுகொண்டுதான் இருந்தார் என்று நீ சொல்வாய். நின்றவர் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார், போதுமா?)

என்ன சொல்ல மருமகளே. நாசம் பண்ணிவிட்டார்கள். இப்போது வாசலில் பெல் அடித்தால் ஆள் முகம் போனில் தெரிகிறதாமே, அந்தக் கேமராவுக்குள் வருகிறாள் குடைக்காரி. கையில் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் குடை. அதில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. அதைவிடக் கொடுமை, பேசுகிறாள். ஆறு பாகத்தில் ஒரு வார்த்தை பேசாதவள். வாயே திறக்காமல், வாசல்படியில் தண்ணீர் சொட்டுகிற சத்தத்திலேயே நம்மை நடுங்க வைத்தவள். அவளைப் போய், லோன் வேண்டுமா சார் என்று கேட்கிற பெண் மாதிரி பேச வைத்திருக்கிறார்கள். சின்ன வயசில் யார் அடித்தார்கள், யார் ஒதுக்கினார்கள் என்று அரை மணி நேரம் ஒப்பாரி. பேய்க்கு எதற்குக் காரணம்? காரணம் தெரிந்துவிட்டால் அது பேய் இல்லை, பக்கத்து வீட்டுக்காரி.

முன்வரிசையில் ஒருத்தர் கொட்டாவி விட்டார். குடைக்காரிக்கு முன்னால் கொட்டாவி. இடைவேளையில் எழுந்து நின்று உண்மையான குடைக்காரி யார் என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். நாற்பது பேர் கை தட்டினார்கள். சரி, நாலு பேர்.

உன் பல் வேலை எப்படிப் போகிறது? பல் செட்டு செய்கிற வேலை என்றால் இங்கே யாருக்கும் மரியாதை வரவில்லை. அதனால் நீ மந்திரிகளுக்கெல்லாம் பல் கட்டுகிற டாக்டர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் மாற்றிச் சொல்லிவிடாதே.

பதில் எழுது. அரைப்பக்கம் எழுதினால் அடுத்த கடிதத்தில் திட்டுவேன்.

உன்னைத் தோளில் தூக்கி வளர்த்த,
மாமா


ஜூன் 15

அன்புள்ள மாமா,

கடிதம் வந்தது. வேலை செய்யும் இடத்தில் படித்தேன். சிரித்த சிரிப்பில் கையில் இருந்த கடைவாய்ப் பல் ஒன்று உருண்டு மேசைக்கு அடியில் போய்விட்டது. மந்திரியின் பல்லாக இருக்கலாம், தேடி எடுத்துவிட்டேன்.

நானும் பார்த்தேன். உங்களைப் போலவே எனக்கும் ஏமாற்றம்தான். பாதியில் எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. தினமும் நான் பயந்த ஒருத்தி, பயப்பட ஒன்றுமில்லாமல் போய்விட்டாள். அது ஏன் எனக்கு அழுகையாக வந்தது என்று தெரியவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். ஆறு பாகத்தில் ஒரு வார்த்தை பேசாதவள் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் பாகத்தில் பேசினாளே மாமா? கதவுக்கு வெளியே நின்று, அம்மா குரலில், குழந்தையைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். குழந்தை உள்ளே நின்றபடி "நீ யாருன்னு எனக்குத் தெரியும், போ" என்று சொல்ல வேண்டும். சொன்னால் போய்விடுவாள். நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் அது எனக்கு மறக்காது.

பழைய ஆறு பாகங்களையும் சுத்தம் செய்து, சப்டைட்டிலோடு வெளியிட்டிருக்கிறார்கள். வாங்கப் போகிறேன்.

முழங்காலுக்கு டாக்டரைப் பாருங்கள். வாயால் சரியாகாது.

அன்புடன்,
உங்கள் மருமகள்


ஜூன் 24

என் செல்ல மருமகளுக்கு,

முழங்கால் பரவாயில்லை. டாக்டரைப் பார்த்தேன். இந்த வயசில் இப்படி ஒரு முழங்காலை நான் பார்த்ததே இல்லை என்று அவரே வியந்துபோனார். எந்த அர்த்தத்தில் வியந்தார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாம் பாகம் பற்றிக் கேட்டிருந்தாய். ஆமாம் ஆமாம், அதில் பேசுவாள். வயசாகிறது, மறந்துவிட்டேன். நம்மிடம் இருந்தது ஜப்பானிலேயே நூறு பிரதி மட்டும் போட்ட தனிப்பதிப்பு. கப்பல் சமையல்காரர் என் கையில் ரகசியமாகக் கொடுத்தது. வெளியில் வந்த பதிப்பில் அந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள். பயந்து மயங்கி விழுந்தவர்கள் அவ்வளவு பேர். இப்போது சுத்தம் செய்து விற்கிறார்களே, அதிலும் அது இருக்காது. ஆகவே வாங்கிப் பிரயோஜனம் இல்லை.

திரும்பப் போடச் சொல்லி நீ அழுவாய், ஞாபகம் இருக்கிறதா? நான் என்ன செய்ய, டேப்பை மெஷின் தின்றுவிட்டது. வெறும் பெட்டிதான் மிச்சம்.

பழைய படங்களை இப்போது பார்த்தால் சிரிப்புத்தான் வரும். முடியெல்லாம் சவுரி, ரத்தமெல்லாம் சாயம். சின்ன வயசில் பார்த்த மாதிரியே மனசில் இருக்கட்டும். நல்ல சினிமா ஆயிரம் இருக்கிறது. நான் ஒரு பட்டியல் அனுப்புகிறேன்.

அதை மட்டும் பார்க்காதே. மாமா சொல்கிறேன், கேள்.

மாமா


ஜூலை 6

அன்புள்ள மாமா,

பார்த்துவிட்டேன். மூன்றாம் பாகத்தை மட்டும் இரண்டு தடவை.

அதில் குழந்தையே இல்லை. தனியாக வாழும் ஒரு கடிகாரக்காரர், அவர் வீட்டு வாசல், மழை. குடைக்காரி வருகிறாள், நிற்கிறாள், போகிறாள். படம் முழுக்க அவளுக்கு ஒரு சொல் கூடக் கிடையாது. வெட்டியதற்கான அடையாளமும் இல்லை.

நீங்கள் சொன்ன கதையில் அந்தக் குழந்தைக்குப் பேர் தும்பி. வெளியே நின்று "தும்பி, கதவைத் திற, அம்மா வந்திருக்கேன்" என்பாள். ஜப்பான் குழந்தைக்கு எப்படித் தும்பி என்று பேர் இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாள் கூட எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டாமா?

உங்களிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு எட்டு வயசு. பள்ளிக்கூடம் விட்டு வந்து கடைக்கு மேலே நம் வீட்டில் தனியாக இருந்தேன். நீங்கள் கீழே கடையில். மழை. வெளி இரும்புப் படியில் யாரோ ஏறி வந்தார்கள். பச்சைக் கதவுக்கு அடியில் இருந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது, மெல்ல, ஒரு கோடு மாதிரி. அப்புறம் தட்டும் சத்தம். அப்புறம் ஒரு பெண் குரல். "தும்பி, கதவைத் திற, அம்மா வந்திருக்கேன்."

நான் தாழ்ப்பாளைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நீங்கள் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன். ஒரு தடவை இல்லை. சத்தம் நிற்கும் வரைக்கும் சொன்னேன்.

இத்தனை வருஷமாக நான் பேயை ஜெயித்தவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். மழைக்காலத்தில் யாராவது வாசல் மணி அடித்தால் இன்றைக்கும் முதலில் கதவுக்கு அடியில்தான் பார்ப்பேன். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பெருமை இருக்கும், நான் அவளை அனுப்பிவிட்டேன் என்று.

குடைக்காரி பேச மாட்டாள் மாமா. நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அன்றைக்கு வந்தது யார்?

அம்மா என் இரண்டு வயசில் காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொன்னீர்கள். அதையும் வரிக்கு வரி மொழிபெயர்த்துத்தான் சொன்னீர்களா?

உங்கள் மருமகள்


ஜூலை 20

மருமகளுக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். நாலும் நன்றாக வந்திருந்தன. அதனால்தான் கிழித்தேன்.

எனக்கு ஜப்பான் மொழி தெரியாது. கப்பலுக்கு பெயின்ட் அடித்தது நிஜம். மூன்று வாரம் இல்லை, நாலு நாள். ஒருத்தரும் என்னிடம் பேசவில்லை.

உன் அம்மா காய்ச்சலில் போகவில்லை. உன் அப்பா போன பிறகு வேலை தேடி வேறு ஊருக்குப் போனாள். என் தங்கைதான், எனக்குத் தெரியாதா, போனால் வந்துவிடுவாள் என்றுதான் இருந்தேன். ஆறு மாசம் என்றாள். ஆறு வருஷம் ஆயிற்று. நாலு வயசில் நீ அம்மா எங்கே என்று கேட்டாய். வாயில் வந்ததைச் சொன்னேன். சொன்னது நின்றுவிட்டது. நீயும் அதற்கப்புறம் கேட்கவில்லை. ராத்திரியில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு தூங்குவாய்.

அப்புறம் அவள் எழுதினாள். வீடு பார்த்துவிட்டேன், தும்பியை வந்து கூட்டிப்போகிறேன் என்று. தும்பி உன் பேர். அவள் வைத்தது. அவள் மட்டும் கூப்பிட்டது. அந்தக் கடிதம் வந்த வாரம்தான் மூன்றாம் பாகத்தைப் போட்டு உட்கார்ந்தேன். முதல் இரண்டு பாகத்தில் குடைக்காரி பேசவில்லை என்று உனக்கு ஞாபகம் இருக்கலாம். மூன்றில் பேச வைத்தது நான். திரையில் கடிகாரக்காரர் இருந்தார். ஒரு குழந்தை உள்ளே ஒளிந்திருக்கிறது, காட்ட மாட்டார்கள் என்றேன். நீ நம்பினாய். அப்புறம் டேப்பை நானே உருவிப்போட்டேன். மெஷின் தின்னவில்லை.

அன்றைக்கு இடியும் மின்னலுமாக. இல்லை. சாதாரண மழை. அவள் கடைக்குள் வந்து, குழந்தை எங்கே என்றாள். மேலே என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். படியேறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நானும் கூடவே ஏறியிருக்கலாம். பன்னிரண்டு படி. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, தாழ்ப்பாள் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். நீ திறந்துவிடுவாய் என்று பயந்தேன். நீ திறக்கவில்லை. நான் சந்தோஷப்பட்டேன். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. நிஜமாகவே சந்தோஷப்பட்டேன்.

அவள் கீழே வந்தாள். கதறி அழுது. இல்லை. அழவில்லை. குடையை மடித்துக் கல்லா மேல் வைத்தாள். "நான் யாருன்னு அவளுக்குத் தெரியுமாம் அண்ணா. தெரிஞ்சுதான் போகச் சொல்றா" என்றாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். உனக்குத் தெரியும், எனக்கு வார்த்தைக்குப் பஞ்சமே கிடையாது. அன்றைக்கு ஒன்று கூட வரவில்லை. குடையை எடுக்காமல் மழையில் போய்விட்டாள்.

வருஷத்துக்கு ஒரு கடிதம் வரும். நான் பதில் போட்டதில்லை. கடைசியாக வந்தது நாலு வருஷத்துக்கு முன்னால். எல்லாம் மூன்றாம் பாகம் பெட்டிக்குள் இருக்கின்றன. பெட்டியையும் குடையையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். குடையை நான் விரித்ததில்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் அலமாரியைத் திறந்து தொட்டுப் பார்ப்பேன். ஈரமாக இருப்பது மாதிரியே இருக்கும். இதையும் நான் கூட்டிச் சொல்லவில்லை.

எந்தக் கதைக்கும் முடிவு தெரியாவிட்டால் நானே ஒன்று கட்டிவிடுவேன். அவள் இருக்கிறாளா இல்லையா, எனக்குத் தெரியாது. இதற்கு என்னால் கட்ட முடியாது.

மாமா


ஆகஸ்ட் 9

மாமா,

ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில், மூன்றாம் மாடிப் படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. இந்தக் கதை தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லை, அதனால்தான் போலிருக்கிறது.

கடைசிக் கடிதத்தில் இருந்த முகவரி சரிதான். கீழே தபால் பெட்டியில் அம்மா பேர் இருக்கிறது. வரும் வழியில் மழை. என் பையில் வேறு குடை இல்லை. நீங்கள் அனுப்பியதை விரித்தேன். ஒரு கம்பி உடைந்திருக்கிறது, மற்றபடி பிடிக்கிறது.

கதவைத் தட்டினேன். உள்ளே செருப்புச் சத்தம் வந்து நின்றது. யாரு என்று கேட்கவில்லை. கதவில் ஒரு சின்னக் கண்ணாடித் துளை இருக்கிறது. அதில் தெரிந்த வெளிச்சம் மறைந்தது. குடையிலிருந்து தண்ணீர் சொட்டி, கதவுக்கு அடியில் உள்ளே போய்க்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்புறம் சொன்னேன், "தும்பி வந்திருக்கேன். கதவைத் திறங்க."



பிறகு உள்ளேயிருந்து ஒரு குரல், மெதுவாக, "நீ யாருன்னு எனக்குத் தெரியும்" என்றது.

அந்த வாக்கியத்தில் இன்னும் ஒரு சொல் பாக்கி இருக்கிறது மாமா. எட்டு வயசில் நான்தான் அதை அவளுக்குக் கொடுத்தேன். செருப்புச் சத்தம் நகரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கமே நிற்கிறாள்.

நானும் காத்திருக்கிறேன். அந்தச் சொல் இன்னும் வரவில்லை.

தும்பி